லிஸ் ஸ்மித்தை எந்த வரிசையில் பார்ப்பது?

ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையில் 'கிழவி வேஷம்' என்றால் எனக்கு முதலில் நடிகை லிஸ் ஸ்மித்தான். 1921-இல் ஸ்கன்தார்ப்பில் பிறந்தவர். லண்டன் ஹாம்லீஸ் பொம்மைக் கடையில் வேலை பார்த்தபோதுதான் இயக்குநர் மைக் லீ நடிக்கக் கூப்பிட்டார். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது!

அந்த முதல் படமான 'ப்ளீக் மொமென்ட்ஸ்' (1971) வேண்டாம், இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 'தி விகார் ஆஃப் டிப்ளி' தொலைக்காட்சித் தொடரில் தொடங்குங்கள். அதில் லெட்டீஷியா பாட்டியாக வரும் இவர் வாயில் வைக்க முடியாத பலகாரங்களைச் செய்து ஊருக்கே ஊட்டுவார். வசனத்தை விட்டுவிட்டு, தட்டை நீட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். தன் சமையல்மேல் துளி சந்தேகம் இருக்காது. சிரிப்பு அங்கேதான்.

அப்புறம் 'தி ராயல் ஃபேமிலி' தொடர். இதில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. பெரும்பாலும் மான்செஸ்டர் வீடொன்றின் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், அவ்வளவுதான். முதல் இரண்டு பகுதிகள் சலிப்பூட்டலாம், பொறுங்கள். இவர் நடிக்கும் 'நானா' என்ற பாட்டி, பேசாத நேரத்தில் சோபாவில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மருமகன் ஜிம் எரிச்சலில் முணுமுணுப்பான்; இவர் காதில் விழாதது போல இருப்பார். 2006 சிறப்புப் பகுதியைக் கடைசியில் வையுங்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு மகள் தலைமுடியைச் சரிசெய்யும் காட்சி, என் கணக்கில், அவருடைய உச்சம்.

மிச்ச நேரம் இருந்தால் 'எ பிரைவேட் ஃபங்ஷன்' (1984) படம். துணை நடிகைக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட) விருது அதற்குத்தான் கிடைத்தது.