கைக்கு அடக்கமான எல்இடி டார்ச்: ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ஆன்லைன் கடையில் 'எல்இடி டார்ச்' என்று தேடிப் பாருங்கள். 400 ரூபாய் டார்ச்சில் 'ஒரு லட்சம் லூமன்' (லூமன் என்பது ஒளியின் அளவு) என்று போட்டிருக்கும். அதற்கு நான்கு வரி கீழே 2,500 ரூபாய் டார்ச் ஒன்று 'ஆயிரம் லூமன்' என்று சொல்லும். முதல்முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். சில மாதங்களில் அது மூலைக்குப் போய்விடுகிறது. சட்டைப் பையில் அடங்கி, நியாயமான விலையில் கிடைத்து, வருடக்கணக்கில் உழைக்கும் டார்ச்சைப் பொறுக்கி எடுக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். கொஞ்சம் பெருக்கல் வகுத்தல் வரும், அவ்வளவுதான்.

படி 1: எங்கே அடிக்கப் போகிறீர்கள்?

கரண்ட் போனதும் மெயின் பாக்ஸ் வரை போக, அலமாரிக்குள் எதையாவது தேட 20 முதல் 50 லூமன் போதும். செல்போன் டார்ச்சே ஏறக்குறைய அந்த அளவுதான் தரும். இருட்டுத் தெருவிலோ வயல் வரப்பிலோ நடக்க 100 முதல் 300 லூமன் வேண்டும். தென்னை உச்சியைப் பார்க்க, வாய்க்காலின் அந்தக் கோடியைப் பார்க்க என்றால் விஷயமே வேறு. அதற்கு லூமனைவிட ஒளி குவிந்து போவதுதான் முக்கியம்.

கிராமத்தில் இருப்பவர்கள் நடப்பதற்கு ஏற்ற, அகலமாகப் பரவும் ஒளியையே முதலில் வாங்குங்கள் என்பேன். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். ஊசிபோல் தூரம் பாயும் ஒளியில் காலடிக்கு இரண்டு பக்கமும் என்ன கிடக்கிறது என்று தெரியாது.

படி 2: லூமன் எண்ணைச் சோதித்துப் பாருங்கள்

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமன் தரும். அப்படியானால் 'ஒரு லட்சம் லூமன்' என்பது 125 குண்டு பல்பு ஒன்றாக எரிவதற்குச் சமம். உள்ளங்கை அளவு டார்ச்சில் அது நடக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. நல்ல டார்ச் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வகை டார்ச்களில் அதிகம் வருவது 18650 என்ற லித்தியம் செல்: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அதன் வோல்டேஜ் 3.6, கொள்ளளவு 3,000 எம்.ஏ.ஹெச் (மில்லி ஆம்பியர்-மணி; அதாவது 3 ஆம்பியர்-மணி) என்றால், 3.6-ஐ 3-ஆல் பெருக்கினால் சுமார் 11 வாட்-மணி. ஆக, 1,000 லூமனில் எரித்தால் ஒரு மணி நேரம் வரும், 100 லூமனில் பத்து மணி நேரம் வரும். '2,000 லூமன், 12 மணி நேரம்' என்று பெட்டியில் இருந்தால், அந்த இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கப் போவதில்லை.

செல்லின் மேல் '9,900 எம்.ஏ.ஹெச்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 18650 அளவில் வரும் நல்ல செல்களே 3,500, 3,600-ஐச் சுற்றித்தான் நிற்கின்றன.

ஒழுங்கான தயாரிப்பாளர்கள் எஃப்எல்1 என்ற அமெரிக்க அளவீட்டு முறையைப் பின்பற்றுவார்கள். அதிலும் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. 'எரியும் நேரம்' என்பது ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். கடைசிவரை அதே பிரகாசம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். 'எட்டும் தூரம்' என்பது ஒளி 0.25 லக்ஸாக, அதாவது பௌர்ணமி நிலவொளி அளவுக்கு, மங்கிப்போகும் தூரம். 200 மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு பொருளை அடையாளம் காணும்படி தெரிவது நூறு மீட்டருக்குள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் போட்ட லூமன் கடைசிவரை நீடிக்காததற்குச் சூடும் ஒரு காரணம். சின்ன உடம்பில் வெப்பம் வெளியேற இடமில்லை. 1,000 லூமனில் தொடங்கும் டார்ச் சில நிமிடங்களில் தானே 300, 400-க்கு இறங்கிக்கொள்ளும். அது பழுதில்லை, எல்இடி கருகாமல் காக்கும் ஏற்பாடு.

படி 3: பேட்டரிதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது

என்னைக் கேட்டால், டார்ச் வாங்கும்போது அதிக நேரம் யோசிக்க வேண்டியது இதைப் பற்றித்தான். எல்இடி சீக்கிரம் போகாது. போவது பேட்டரி.

பாத்திரக் கடையில் தொங்கும், பின்னால் பிளக் மடங்கி இருக்கும் பிளாஸ்டிக் டார்ச்கள் பலவற்றில் உள்ளே 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் சும்மா கிடந்தாலே அதன் தகடுகளில் சல்பேட் படிந்து, மறுபடி சார்ஜ் ஏறாமல் போகும். மழைக்காலத்துக்கென்று எடுத்து வைத்த டார்ச் புயலன்று எரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்று சின்ன ஏஏஏ செல்லைப் பிளாஸ்டிக் கூட்டில் போடும் டார்ச்சும் வேண்டாம். எரிய எரிய மங்கிக்கொண்டே வரும், அந்தக் கூடும் சீக்கிரம் உடையும்.

என் பரிந்துரை இரண்டுதான்.

எப்போதாவதுதான் தேவை, சார்ஜ் போடுவது ஞாபகம் இருக்காது என்றால், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல் ஒன்றில் எரியும் டார்ச். பெட்டிக்கடையில்கூட செல் கிடைக்கும். ஆல்கலைன் செல்லை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து டார்ச்சின் உடம்பை அரித்துவிடும். அதனால் எனலூப் போன்ற ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் போடுங்கள், இல்லையென்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். ஏஏ போலவே இருக்கும் 14500 என்ற லித்தியம் செல்லும் உண்டு, ஆனால் அது 3.7 வோல்ட். இரண்டையும் ஏற்கும் என்று தயாரிப்பாளர் எழுதாத டார்ச்சில் அதைப் போட்டால் கருகிவிடும்.

தினமும் தேவை என்றால், 18650 செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய, யூஎஸ்பி-சி சார்ஜிங் உள்ள டார்ச். 'கழற்றி மாற்றக்கூடிய' என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள். செல் உள்ளேயே ஒட்டப்பட்டிருந்தால் அதன் ஆயுள்தான் டார்ச்சின் ஆயுள். மாற்றுச் செல்லை சாம்சங், எல்ஜி, பானசோனிக் தயாரிப்பாகப் பார்த்து, நம்பகமான கடையில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் தராசில் வையுங்கள்: நல்ல 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம்தான் என்றால் அது போலி.

படி 4: ஒளியின் நிறம்

6,500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. மழையிலும் மூடுபனியிலும் கண் கூசும். 4,000 முதல் 5,000 வரை இதமாக இருக்கும். சிஆர்ஐ என்று ஓர் எண்ணும் இருக்கும்; அந்த ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதை அது சொல்லும், 100 வரை போகும். 70 இருந்தால் நடக்கப் போதும். வயரின் நிறம் பார்த்து வேலை செய்பவர்கள், காயத்தைப் பார்க்க வேண்டியவர்கள் 90-க்கு மேல் தேடுங்கள். பழுப்பு வயரும் சிவப்பு வயரும் ஒன்றுபோல் தெரிவது ஆபத்து.

முன்பக்கத்தை இழுத்தால் ஒளி குவியும் 'ஜூம்' டார்ச் பார்க்க ஆசையாக இருக்கும். குவிக்கும்போது ஒளியில் நிறைய உள்ளேயே வீணாகும், நகரும் இடுக்கு வழியாகத் தண்ணீரும் இறங்கும். தவிர்த்துவிடலாம்.

படி 5: சுவிட்சும் தண்ணீரும்

குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலை போதும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இடையில் சிமிட்டும் ஒளி வந்து போகிற டார்ச் தொல்லை. தண்ணீரைத் தாங்கும் திறனை ஐபிஎக்ஸ் என்ற குறியீடு சொல்லும். மழைச் சாரலுக்கு ஐபிஎக்ஸ்4 தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும்.

படி 6: விலை

இன்றைய நிலையில் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்ல டார்ச் கிடைக்கும் என்று வைத்துத் தேடுங்கள். சோஃபிர்ன், வுர்க்காஸ், கான்வாய் ஆகிய சீன நிறுவனங்கள் இந்த விலைக்கு உண்மையான பொருள் தருகின்றன. ஏஏ, 14500 இரண்டும் ஏற்கும் சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ, அடியில் காந்தம் உள்ள வுர்க்காஸ் எஃப்சி11 இரண்டும் தொடங்க ஏற்றவை. இறக்குமதி செய்து விற்பவர்களிடம் விலை ஏறியிருக்கும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பட்ஜெட் 500 ரூபாய்தான் என்றால், பெரிய எண்களை விட்டுவிட்டு, தெரிந்த கம்பெனியின் ஏஏ செல் டார்ச்சை எடுங்கள்.

படி 7: வந்ததும் சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். இருட்டறையில் வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கருப்புப் பொட்டோ, ஓரத்தில் திட்டுத் திட்டாக நிறமோ இருக்கக் கூடாது. குறைந்த ஒளியில் வைத்து செல்போன் கேமரா வழியாகப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் ஒளி துடிக்கிறது என்று அர்த்தம்; நீண்ட நேரம் படித்தால் கண் வலிக்கும். இரண்டு முனையும் சி ஆக இருக்கும் கேபிளில் சார்ஜ் ஏறவில்லை என்றால், பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள், சில டார்ச்கள் அதில்தான் ஏறும். முதல்முறை சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருங்கள். கை வைக்க முடியாத அளவு சுட்டால் உடனே கழற்றிவிட்டு, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், உதிரி லித்தியம் செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் உலோகத்தில் பட்டால் தீப்பிடிக்கும். அதற்கென்று சின்ன பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது, செல் வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.