சக்கர நாற்காலிக்கு ஏற்ற மேசை: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

சென்னையில் அலுவலகத்திற்கோ பள்ளிக்கோ மேசை வாங்கச் செல்பவரிடம் கடைக்காரர் சொல்லும் உயரம் பெரும்பாலும் இரண்டரை அடிதான், அதாவது 30 அங்குலம். தச்சரிடம் செய்யச் சொன்னாலும் அதே அளவுதான் கிடைக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவருக்கு இந்த எண்ணால் அதிகப் பயன் இல்லை. மேசையின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைவிட, அதன் அடியில் முழங்காலும் தொடையும் நுழைய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே முக்கியம். ஓர் அங்குலப் பலகையும் அதன் கீழே நான்கு அங்குலச் சட்டமும் கொண்ட 30 அங்குல மேசையில் கால்களுக்கு மிஞ்சுவது 25 அங்குலம். நடுவில் ஓர் இழுப்பறையும் இருந்துவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே அளவுநாடாவைக் கடைக்கு எடுத்துச் செல்வதற்கு முன், மேசையைப் பயன்படுத்தப் போகிறவரை அவருடைய சொந்த நாற்காலியில், அன்றாடம் பயன்படுத்தும் இருக்கை மெத்தையுடன், கால்களைக் கால்தாங்கியில் வைத்து அமரச் சொல்லி அளக்க வேண்டும். தரையிலிருந்து தொடையின் அல்லது முழங்காலின் மிக உயர்ந்த இடம் வரை ஓர் அளவு. தோள்களைத் தளர்த்திக் கையை மடக்கியிருக்கும்போது தரையிலிருந்து முழங்கை வரை இன்னோர் அளவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் அடங்க வேண்டும். பலருக்கு அது மூன்று, நான்கு அங்குலத்தைத் தாண்டுவதில்லை. தொடைக்கு மேல் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டாக வேண்டும் என்பதால், முன்விளிம்பில் சட்டமே இல்லாத மெல்லிய பலகை தேவைப்படுகிறது. இதைத் தச்சரிடம் விளக்கினால், பலகை தொய்ந்துவிடும் என்பார். அவர் சொல்வதும் சரியே. முன்பக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு, பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் இரும்புச் சட்டம் கொடுத்து, நீளத்தை நான்கு அடிக்குள் நிறுத்திக்கொண்டால் அந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது அளவு நாற்காலியின் கைதாங்கி. மடக்கக்கூடிய சாதாரண நாற்காலிகளில் அது 28 அங்குலத்தை ஒட்டியோ சற்று மேலோ இருப்பதால், மேசை விளிம்பில் இடித்து, அமர்ந்திருப்பவரை எட்டத்திலேயே நிறுத்திவிடும். மேசையை உயர்த்தி இதைச் சரிசெய்வதே பலரின் வழக்கம். ஆனால் அப்போது தோள்கள் தூக்கியே இருக்கும், மாலைக்குள் கழுத்து வலிக்கத் தொடங்கும். முன்பகுதி தாழ்ந்த கைதாங்கியையோ கழற்றக்கூடியதையோ நாற்காலிக்குப் பொருத்துவதே நல்லது என்பது என் கருத்து. மின் நாற்காலியாக இருந்தால், இயக்குபிடி கைதாங்கிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அது பக்கவாட்டில் விலகக்கூடியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் பயன்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே தெரியாத நூலகம், வரவேற்பறை போன்ற இடங்களுக்குப் பொது அளவுகள் உதவும். அமெரிக்க அணுகல் தரம் மேற்பரப்பு 28 முதல் 34 அங்குல உயரத்திலும், முழங்காலுக்கான வெளி குறைந்தது 27 அங்குல உயரமும் 30 அங்குல அகலமும், பாதம் நுழையும் தரை மட்டத்தில் 17 அங்குல ஆழமும் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. நாற்காலி திரும்புவதற்கு 5 அடி விட்டமுள்ள வெளி வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள் மட்டுமே. மின் நாற்காலிக்கு இவை போதாமல் போவதுண்டு.

மேசையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. தண்டுவடக் காயத்தால் கால்களில் உணர்வு இழந்தவருக்கு, நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணியோ சீவப்படாத விளிம்போ தொடையைக் கீறினாலும் தெரியாது. கவனிக்கப்படாத சிறு கீறல் ஆறாப் புண்ணாகிவிடும். கால் வைக்கும் குறுக்குக் கம்பி, முன் மறைப்புப் பலகை, தொங்கும் வயர்கள், கணினிப் பெட்டி ஆகியவை அடியில் இருக்கக் கூடாது. சென்னையின் ஈரக்காற்றில் துகள் பலகை விளிம்பிலிருந்து ஊதிவிடும் என்பதால், ஈரம் தாங்கும் பிளைவுட்டும் பவுடர் பூச்சுள்ள கால்களும் கூடுதல் செலவுக்குத் தகுதியானவை. ஆர்டர் கொடுக்கும் முன், காமராசர் சாலையில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் சென்று உதவிக் கருவிகளை நேரில் பார்த்து வருவது நல்லது.

ஒரே மேசையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்திற்கு உயரம் மாற்றக்கூடிய மேசை பொருந்தும். மின்விசையால் இயங்குவது மின்வெட்டின்போது நின்ற உயரத்திலேயே நிற்கும். கைச்சுழற்றியால் இயங்குவதற்குக் கையில் வலு வேண்டும். பயன்படுத்துபவரால் தானே உயரத்தை மாற்ற முடிகிறதா என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வகுப்பறையில், இருக்கையும் மேசையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இணைந்த வழக்கமான டெஸ்க் உதவாது. அதற்காக மாணவருக்குத் தனி மேசை போட்டுக் கதவோரத்தில் ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. இருவர் அமரும் அகலத்தில் செய்து, பக்கத்தில் ஒரு நண்பரின் நாற்காலியையும் போட வேண்டும். எதிர்விளிம்பில் அரை அங்குல வரம்பு வைத்தால் பென்சில் உருண்டு கீழே விழாது. உடற்பகுதியில் வலு குறைந்த பிள்ளைக்கு, வயிறு பொருந்தும்படி முன்விளிம்பை அரைவட்டமாக வெட்டினால் இரு முழங்கைகளும் பலகையில் ஊன்றிக்கொள்ளும். பொதுத்தேர்வு மையம் வேறு பள்ளியாக இருக்கக்கூடும். அங்கும் இதே அளவில் மேசை இருக்குமா என்று முன்பே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவும், அரசு அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்குச் செய்து தர வேண்டும் என்று 20-ஆவது பிரிவும் கூறுகின்றன. கோரிக்கைக் கடிதத்தில் இப்பிரிவுகளைக் குறிப்பிட்டு, எடுத்த அளவுகளையும் இணைக்கலாம்.

புதிதாக வாங்கப் பணம் இல்லையெனில், இருக்கும் மேசையின் இழுப்பறையையும் குறுக்குக் கம்பியையும் நீக்கிவிட்டு, வெல்டிங் பட்டறையில் கால்களைத் தேவையான அளவுக்கு நீட்டிக்கொள்ளலாம். வெறும் கட்டைகளை அடியில் கொடுத்தால் நாற்காலி இடிக்கும்போது மேசை நழுவும். எந்த மேசையானாலும் முழுத்தொகையைக் கொடுக்கும் முன், பயன்படுத்துபவர் அதில் அரைமணி நேரமாவது எழுதியோ தட்டச்சு செய்தோ பார்க்க வேண்டும். இருக்கை மெத்தை மாறும்போதும், வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மறுபடி அளக்க வேண்டும்.