சின்னப் பவளத் தொட்டியில் பாசி பிடித்தால் என்ன செய்வது? புதியவர்களுக்கான செய்முறை

தொட்டி வைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பாறை முழுக்கப் பச்சை முடி முளைத்துவிட்டது. வீட்டுக்கு வந்த மாமா குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கப்பா? புல்லுதான் தெரியுது" என்றார். அன்றைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் நான் மீனை வளர்க்கவில்லை, புல்லுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

என்னுடையது உப்புத் தண்ணீரில் மீனும் உயிருள்ள பவளமும் வளர்க்கும் தொட்டி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். பாறையும் மணலும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரண்டு க்ளௌன் மீன், கொஞ்சம் ஸோவாந்தஸ் (பூப்போல விரியும் பவள வகை உயிர்), நாலைந்து மஷ்ரூம் பவளம். சென்னையில் மூன்றாவது மாடி. கீழே எழுதியிருப்பது இந்த அளவுத் தொட்டிக்கானது. ஒரு பாட்டில் மருந்தை ஊற்றினால் காலையில் பாசி போய்விடும் என்று நினைத்து வந்திருந்தால், அப்படி ஒன்று என்னிடம் இல்லை. எட்டுப் பத்து வாரம் ஆகும்.

படி 1: வளர்வது எது என்று பாருங்கள்

தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் மணல் மேல் மாவு தூவினாற்போல் பழுப்புப் படலம் வந்தால் அது டயட்டம். தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று வளரும், தீர்ந்தால் தானே போகும். அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

இழை இழையாகப் பச்சை முடி என்றால் ஹேர் பாசி. நம் முக்கிய எதிரி இதுதான். அதே பச்சையில், நுனி மட்டும் குட்டிப் பறவை இறகு போலவோ பெரணி இலை போலவோ இருந்தால் பிரையாப்சிஸ். இது பிடிவாதக்காரன். பச்சைக் கோலிக்குண்டு மாதிரி முத்து முத்தாக இருந்தால் வலோனியா. அதைத் தொட்டிக்குள்ளேயே நசுக்கி உடைக்காமல், அடியோடு நெம்பி முழுசாக வெளியே எடுங்கள்.

சிவப்போ கருஞ்சிவப்போ ஆன, ஜவ்வு போன்ற விரிப்பு, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோலாக உரிந்து வருகிறதா? அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, தொட்டிக்குள் நீரோட்டம் தரும் வேவ்மேக்கரை அந்த மூலைக்குத் திருப்பி வையுங்கள். பெரும்பாலும் நீரோட்டம் குறைந்த இடத்தில்தான் அது பாய் விரிக்கும்.

பழுப்பு நிறத்தில் சளி போல நூல் தொங்கி, நுனியில் காற்றுக் குமிழி நின்றால் டைனோஃப்ளாஜெல்லேட். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். தெளிந்த தண்ணீரில் மறுபடி நூல் திரண்டு நின்றால், அதுதான். இதற்கு வைத்தியம் மற்றதற்கெல்லாம் நேர் எதிர். படி 5-இல் வருகிறேன்.

பாறையிலும் கண்ணாடியிலும் ஊதாவும் ரோஜா நிறமுமாகக் கெட்டியாக ஒட்டியிருப்பது கோரலைன். அது நல்ல பாசி, விட்டுவிடுங்கள்.

படி 2: தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். "ஆர்ஓ தண்ணீர் ஊற்று" என்றார்கள், சமையலறை ஆர்ஓவில் பிடித்து ஊற்றினேன். நம் வீட்டு ஆர்ஓ குடிப்பதற்குச் செய்தது. ருசிக்காகவும் தாதுவுக்காகவும் பல மாடல்களில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் திருகு உள்ளே இருக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி முக்கிப் பார்த்தபோது லிட்டருக்கு 70 மில்லிகிராம் காட்டியது. நமக்கு வேண்டியது 0.

70 என்றால் கம்மிதானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். மின்விசிறி ஓடும் என் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் ஆவியாகிறது. போவது வெறும் நீர். கரைந்திருக்கும் எதுவும் போகாது. ஈடுகட்ட ஊற்றும் ஒவ்வொரு லிட்டரிலும் 70 மில்லிகிராம் ஏதோ ஒன்று கரைந்திருந்தால், 100 நாளில் 7 கிராம் அந்த 45 லிட்டருக்குள் சேர்ந்திருக்கும். அதில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் எவ்வளவு என்பது உங்கள் போர்வெல்லைப் பொறுத்தது.

ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்று போடுங்கள். மீட்டர் 0 காட்டவேண்டும். 2, 3 என்று ஏறினால் ரெசின் மாற்றும் நேரம். ஆவியான நீருக்கு ஈடாக இந்த வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒரு முறை 5 லிட்டர் எடுத்துவிட்டு, இதே தண்ணீரில் கடலுப்புக் கலவை கரைத்து, ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025 வந்தபின், தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

படி 3: கையால் பிடுங்குங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. பாதி வேலை இதில்தான் முடிகிறது. பாசி உறிஞ்சிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதன் உடம்பில் இருக்கின்றன. பிடுங்கி வெளியே போட்டால் அவையும் வெளியே போகும். மருந்தடித்து உள்ளேயே சாகவிட்டால் அழுகித் தண்ணீருக்கே திரும்பும், அடுத்த பாசிக்குச் சாப்பாடாக.

வேண்டியவை: மெல்லிய சைஃபன் குழாய், கடினமான பழைய பல் பிரஷ், ஒரு வாளி, வாளியின் வாய்க்கு வேட்டித் துணித் துண்டு. குழாயின் வாயில் பிரஷ்ஷை ரப்பர் பேண்டால் கட்டுங்கள், பிரஷ் முடி குழாய் வாயைவிட அரை விரல் நீண்டு நிற்கட்டும். குழாய் உறிஞ்ச ஆரம்பித்ததும் பாறையைத் தேயுங்கள். பிய்ந்த இழை மிதக்கும் முன்பே குழாய்க்குள் போய்விடும். துணி பாசியைப் பிடித்துக்கொள்ளும், வாளித் தண்ணீரைத் திரும்ப ஊற்றலாம், அல்லது அதையே வாராந்திர 5 லிட்டராகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெறுங்கையால் பிய்த்து விட்டால் துண்டுகள் பறந்து வேறு பாறையில் ஒட்டி அங்கே குடித்தனம் தொடங்கும்.

மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி தப்பிப் போய்ப் பவளத்தின் மேல் படர்ந்தது 2008-இல் பதிவானது. அங்கேயும் ஆட்கள் மூழ்கிக் கையால்தான் பிடுங்கினார்கள். மிச்சம் விட்ட துண்டிலிருந்து திரும்ப முளைக்கும் தொல்லை அங்கேயும் இருந்தது.

தூக்கக்கூடிய சின்னப் பாறை என்றால் வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாகப் பாசி மேல் மட்டும் விடலாம். மருந்துக் கடையில் 6 சதவீதம்தான் அதிகம் கிடைக்கும், அதில் சரிபாதி டிஐ தண்ணீர் கலக்கவேண்டும். மூன்று நான்கு நிமிடம் விட்டு, மாற்றி எடுத்த பழைய தொட்டித் தண்ணீரில் அலசித் திருப்பி வையுங்கள். பவளத்தின் மேல் படக்கூடாது. இறால் இருக்கும் தொட்டிக்குள் நேரடியாக ஊற்றவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஸோவாந்தஸ், அதன் உறவான பாலித்தோவா ஒட்டிய பாறையைச் சுரண்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். அந்தப் பாறையில் வெந்நீர் ஊற்றுவது, கொதிக்கவைப்பது எக்காரணம் கொண்டும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு, ஆவியோடு மூச்சில் போய்க் குடும்பமே ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

படி 4: சாப்பாட்டைக் குறையுங்கள்

உறைந்த இறால், மைசிஸ் (குட்டி இறால் போன்ற தீனி) கட்டியைப் பிய்த்து அப்படியே போடாதீர்கள். டீ வடிகட்டியில் போட்டு டிஐ தண்ணீரில் அலசுங்கள், கலங்கலாக ஓடுவது பாசிக்கான பங்கு. இரண்டு சின்ன மீனுக்கு ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வீட்டில் குழந்தை இருந்தால் தீனி டப்பாவை மேல் அலமாரியில் வையுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 5: அளந்து பாருங்கள், ஆனால் பூஜ்யத்தைத் துரத்தாதீர்கள்

நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை. இந்த எல்லைக்குள் நின்றால் போதும். பாறை முழுக்கப் பாசி இருக்கும்போது சோதனையில் 0 வந்தால் ஏமாறாதீர்கள். தண்ணீரில் இல்லை, பாசி வயிற்றில் இருக்கிறது.

நான் ஏமாந்தேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணையைச் சொன்னதைவிட இரட்டிப்பாகப் போட்டு, இரண்டே வாரத்தில் நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று பெருமைப்பட்டேன். ஹேர் பாசி வெளுத்தது. கூடவே பவளமும் வெளுத்தது. காலியான பாறையில் மூன்றாவது வாரம் பழுப்புச் சளி வந்தது. டைனோ. இரண்டு நத்தை செத்தன. பிறகு குருணையை எடுத்து, தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, மீனுக்குக் கூடுதலாகப் போட்டு எண்களை மேலே ஏற்றியபிறகுதான் சளி அடங்கியது. மூன்று மாதம் வீண். குருணை போடுவதானால் சொன்ன அளவில் கால்வாசியில் தொடங்கி, வாரம் ஒருமுறை அளந்து பார்த்து ஏற்றுங்கள். பாறை தானும் பாஸ்பேட்டைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும், எண் உடனே இறங்காவிட்டால் பதற வேண்டாம்.

படி 6: மேய்கிற ஆட்களைச் சேருங்கள்

1983-இல் கரீபியன் கடலில் ஏதோ ஒரு நோய் வந்து டயடெமா என்ற கருப்புக் கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பாறையை மேய ஆளில்லாமல் ஜமைக்கா பக்கம் பவளத்திட்டுகளைப் பாசி மூடிவிட்டது. மேய்ச்சலுக்கு அவ்வளவு சக்தி.

இந்தச் சின்னத் தொட்டிக்கு மூன்று ட்ரோகஸ் நத்தையில் தொடங்குங்கள். கவிழ்ந்தால் தானே நிமிரத் தெரிந்த நத்தை அது. ஆனால் நீண்ட முடியை நத்தை தொடாது. நீங்கள் பிடுங்கி மொட்டையாக்கினால்தான் துளிரை மேயும், அதனால்தான் இது ஆறாவது படி. வலோனியாவுக்கு எமரால்டு நண்டு ஒன்று. பாசி மேயும் மீன் என்று சர்ஜன் மீனைக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது நீந்த இந்தத் தொட்டி காணாது.

கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனால் பார்த்ததையெல்லாம் வாங்கத் தோன்றும். கடலிலிருந்து பெயர்த்த உயிர்ப்பாறை, பவளம் என்று யாராவது எங்கே காட்டினாலும் நகர்ந்துவிடுங்கள். கட்டிப் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை.

படி 7: விளக்கு

நாளுக்கு 8 மணி நேரம், டைமர் போட்டு. வெள்ளையைக் குறைத்து நீலத்தைக் கூட்டுங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது. அவ்வளவுதான்.

பிரையாப்சிஸ் மட்டும் இத்தனைக்கும் அசையாமல் நின்றால் ஃப்ளூகோனசோல் போடுபவர்கள் இருக்கிறார்கள். மனிதருக்கான பூஞ்சை மருந்து அது, கடைசிக் கட்டத்துக்கு வையுங்கள், அளவை அனுபவசாலி ஒருவரிடம் கேட்டபிறகு.

முதல் மூன்று வாரம் பிடுங்கப் பிடுங்க வளரும். நாலாவது வாரம் வாளித் துணியில் சேரும் பாசி ஒரு பெரிய உருண்டையிலிருந்து எலுமிச்சை அளவுக்குக் குறையும். எனக்கு ஒன்பதாவது வாரம் துணியில் பிழிந்தெடுக்க ஒன்றும் இல்லை. இப்போது கண்ணாடியில் ஊதாக் கோரலைன் படிந்து மீன் தெரியாமல் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலாவதியான ஏடிஎம் அட்டையை வைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.