அகச்சிவப்பு ஒளியில் பாக்டீரியாவை அடையாளம் காண்பது: முதலில் பிளேட்டைக் கவனியுங்கள்

அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கிருமியை அடையாளம் காணும் எஃப்.டி.ஐ.ஆர். முறையைக் கற்றுக்கொள்ள வருகிற மாணவர்களை முதல் வாரம் நான் கருவிப் பக்கமே விடுவதில்லை. பிளேட் போட்டு, அதாவது அகார் என்னும் ஊட்டக் கூழில் பாக்டீரியாவை வளர்த்து, பழகச் சொல்வேன். செல்லில் இருக்கும் கொழுப்பு, புரதம், சர்க்கரை ஒவ்வொன்றும் அகச்சிவப்பு ஒளியை எங்கே எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் ஸ்பெக்ட்ரம். தீனியோ வயதோ மாறினால் அதுவும் மாறிவிடும்.

அதனால் ஒப்பிடப்போகும் எல்லாவற்றையும் ஒரே பேட்ச் அகாரில், ஒரே வெப்பநிலையில் வளர்க்கவும். நான் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பேன். அரை மணிக்கு மேல் முன்பின் போகவிட மாட்டேன். ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் (ஒரே இனத்துக்குள் இருக்கும் தனி வகை) மூன்று தனித்தனி நாட்களில் வளர்த்து எடுங்கள்.

ஒரு லூப் அளவு செல்லைக் காய்ச்சி வடித்த நீரில் கட்டியில்லாமல் கலக்கி, சிலிக்கான் பிளேட்டில் 15 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று புள்ளி வைத்து உலர்த்தவும். நோய்க்கிருமியானால் முதலில் 70% எத்தனாலில் கலக்குங்கள். ஆனால் சில பாக்டீரியா உண்டாக்கும் கடினமான உறங்குநிலை வித்துகள் எத்தனாலுக்குச் சாகாது, எச்சரிக்கை. காய்ந்த புள்ளியைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியில் கஞ்சித் தண்ணீர் காய்ந்த மாதிரி மெல்லிசாக, சீராக இருக்கவேண்டும். ஓரத்தில் வளையம் கட்டியிருந்தால் அழித்துவிட்டு மறுபடி வையுங்கள். ஈரம் மிச்சமிருந்தாலும் ஆகாது: நீர் 1640 பக்கத்தில் (ஸ்பெக்ட்ரத்தில் இடத்தைக் குறிக்கும் அலை எண், செ.மீ⁻¹ அலகில்) உறிஞ்சும், புரதத்தின் அமைடு-1 பட்டையோ 1650-இல் இருக்கிறது, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்.

வெற்றுப் புள்ளியைப் பின்னணியாக எடுத்தபிறகு மாதிரியை ஓட்டுங்கள். அமைடு-1 உயரம் (உறிஞ்சல் அளவு) 0.35-க்கும் 1.25-க்கும் நடுவே வராத ஸ்பெக்ட்ரத்தை நான் சேர்ப்பதில்லை. பிறகு சிறு முனைகளைத் தெளிவாக்க இரண்டாம் வகைக்கெழு, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர நார்மலைசேஷன், கடைசியில் ஒத்த ஸ்பெக்ட்ரங்களை ஒரே கிளையில் சேர்க்கும் கிளஸ்டர் மரம். ஒரே இனத்துக்குள் ஸ்ட்ரெயின்களைப் பிரிக்க 1200 முதல் 900 வரையுள்ள சர்க்கரைப் பகுதியை முதலில் பாருங்கள். கொழுப்பு அமிலங்கள் 3000–2800-இல் தெரியும். 1991-இல் பெர்லின் ராபர்ட் கோக் நிறுவனத்தின் டீட்டர் நௌமன் குழு இந்த முறையை 'நேச்சர்' இதழில் எழுதியது; இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறோம்.

ஒருமுறை ஒரே பேசில்லஸ் ஸ்ட்ரெயின் எனக்கு மரத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்து நின்றது. கலப்படம் என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். ஸ்பெக்ட்ரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, ஒரு தொகுதியில் மட்டும் 1615-இலும் 1576-இலும் கூர்மையான முனைகள். வித்துகளில் இருக்கும் டைபிகோலினிக் அமிலம்! மலக்கைட் பச்சையில் சாயமேற்றிப் பார்த்தால் ஸ்லைடு முழுக்கப் பச்சைப் பச்சையாக வித்துகள். ஞாயிறு தாண்டி இன்குபேட்டரில் கிடந்த பிளேட்டிலிருந்து நான்தான் எடுத்திருக்கிறேன். புதிதாக வளர்த்து ஓட்டினேன், இரண்டும் ஒரே கிளையில் சேர்ந்தன.

அன்றிலிருந்து, பெயர் தெரிந்த ஒரு ஸ்ட்ரெயினை ஒவ்வொரு சிலிக்கான் பிளேட்டிலும் கூடவே ஓட்டுகிறேன். அது தன் இடத்தில் போய் உட்காரவில்லை என்றால் அன்றைய முடிவு எதையும் எழுதுவதில்லை. மென்பொருள் தரும் பெயரையும் அப்படியே ஏற்காதீர்கள். உங்கள் கிருமி தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருப்பதன் பெயரை அது தரக்கூடும். தூர மதிப்பு (தரவுத்தள ஸ்பெக்ட்ரத்திலிருந்து உங்களுடையது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது) அதிகமாக இருந்தால், பாக்டீரியாவை மரபணு வழியாக அடையாளம் காணும் 16எஸ் வரிசையாக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.