சேலத்திலிருந்து வெளிநாட்டுக் கோடைக்கால ஓவியப் படிப்புக்குப் போவது எப்படி

முதலில் ஒரு விஷயம். இரண்டு மூன்று வாரம் லண்டனிலோ ஆஸ்திரியாவிலோ ஓவியம் படித்துவிட்டு வந்தால் அந்தச் சான்றிதழுக்காக வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. அங்கே கிடைப்பது வேறு. காலையிலிருந்து சாயங்காலம் வரை வேறு எந்த வேலையும் இல்லாமல் வரைய ஓர் இடம், வரைந்ததைப் பார்த்து முகத்துக்கு நேராகப் பேசும் ஓர் ஆசிரியர், பக்கத்தில் நின்று வரையும் நாலைந்து நாட்டு ஆட்கள். இதற்காகப் போவதென்றால் தாராளமாகச் செலவு செய்யலாம். அதனால்தான் கோர்ஸ் தேடும்போது கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டூடியோ நேரம் எவ்வளவு என்று பாருங்கள் என்கிறேன்.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் என்றால் கோர்ஸ் விவரத்தில் ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கல்லூரிகளின் பொதுவான கிரெடிட் கணக்கு) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஒரு ஈசிடிஎஸ் கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இரண்டு வாரக் கோர்ஸுக்கு 5 கிரெடிட் என்று போட்டிருந்தால் குறைந்தது 125 மணி நேரம், அதாவது ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துத் தினமும் ஒன்பது மணி நேரம். இது முழுக்க வகுப்பறையிலா, இல்லை போவதற்கு முன் படிக்க வேண்டியதும் வந்தபின் எழுத வேண்டிய கட்டுரையும் இதில் அடக்கமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் போடுவார்கள். அட்டவணையில் படகுச் சவாரி, நகர்வலம், மாலை விருந்து என்று நிறைந்திருந்தால் அது சுற்றுலா, அதற்கு அந்தக் கட்டணம் அதிகம்.

பெரிய பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் ஸ்லேடு ஓவியப் பள்ளி 1871-இல் தொடங்கியது. நம் சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் 1850, அதைவிட மூத்தது. ஸ்லேடில் கோடைக்கால வகுப்புகள் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் சாகடக் ஊரில் ஆக்ஸ்-போ என்று ஒரு பள்ளி 1910-லிருந்து நடக்கிறது, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் பள்ளியோடு இணைந்தது, காட்டுக்கும் நீருக்கும் நடுவே தங்கிப் படிக்கிற இடம். பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். ஓவியர் ஆஸ்கார் கொகோஷ்கா 1953-இல் அந்த ஊர்க் கோட்டைக்குள் 'பார்க்கும் பள்ளி' என்ற பெயரில் ஆரம்பித்த கோடைக்கால அகாதெமி இன்றும் அதே கோட்டையில் நடக்கிறது. கல் செதுக்கும் வகுப்பை உன்டர்ஸ்பெர்க் மலையில் ஒரு கல்குவாரிக்குள்ளேயே வைக்கிறார்கள். உதவித்தொகையும் தருகிறார்கள், ஆனால் அதற்கான கடைசித் தேதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போர்ட்ஃபோலியோ, அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் படங்களின் தொகுப்பு. இங்கேதான் நம் பிள்ளைகள் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். பின்டரெஸ்டில் பார்த்த முகத்தைப் பென்சிலில் அச்சு அசலாக வரைந்து, புலியின் கண், கண்ணாடி டம்ளரில் தண்ணீர் என்று அனுப்பினால், தேர்வு செய்பவர் அதே மாதிரி நூறு பார்த்திருப்பார். கை ஓடும் என்பது தெரியும், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது தெரியாது. நேரில் பார்த்து வரையுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து வேலை செய்பவரின் முதுகும் கையும், புதிய பேருந்து நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பவர்கள், தட்டுவடை செட் போடும் கடையில் ராத்திரி பல்பு வெளிச்சம், ஆடியில் வண்டி வேடிக்கைக்குச் சாமி வேஷம் கட்டிக்கொண்டு தெருவோரம் டீ குடிக்கிறவர் என்று ஊருக்குள் விஷயம் கொட்டிக் கிடக்கிறது. ஏற்காட்டில் ஏரிப்படகையும் லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் ஊரையும் ஆளாளுக்கு வரைந்தாயிற்று. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி, அதன் நிழலில் காப்பிச்செடி நிற்கும் தோட்டத்துக்குள் போய் உட்காருங்கள். பச்சைக்குள்ளேயே எத்தனை பச்சை என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் அங்கே எந்த ஆசிரியரிடமும் தாக்குப்பிடிக்கலாம்.

முடித்த படங்களோடு ஸ்கெட்ச் புத்தகப் பக்கங்கள் மூன்று நான்கையும் சேருங்கள், கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை, யோசிப்பது அதில்தான் தெரிகிறது. படங்களைப் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். மேகம் மூடிய காலை வெளிச்சம் போதும்.

கூடவே ஒரு பக்கத்துக்கு உங்கள் வேலையைப் பற்றி எழுதச் சொல்வார்கள். "சிறு வயதிலிருந்தே ஓவியத்தில் ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். கொலுசுப் பட்டறையை ஏன் வரைந்தீர்கள், எது சரியாக வரவில்லை, அங்கே வந்து என்ன முயற்சி செய்யப்போகிறீர்கள், அவ்வளவு போதும். ஏஐ-யிடம் எழுதி வாங்கினால் அங்கே போய் மாட்டிக்கொள்வீர்கள், எப்படி என்றால் க்ரிட் என்று ஒன்று வைப்பார்கள். உங்கள் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் சுற்றி நின்று பேசுவார்கள், உங்களையும் பேசச் சொல்வார்கள். நம் ஊரில் சார் சொன்னால் தலையாட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய கஷ்டம். அங்கே சும்மா நின்றால் மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்கள். போவதற்கு முன் ஒரு மாதம் நண்பர்கள் நாலு பேர் வாராவாரம் உட்கார்ந்து ஒருவர் படத்தை மற்றவர் பேசிப் பழகுங்கள், முதலில் தமிழிலேயே. ஆங்கிலம் உடைந்து வந்தால் ஒன்றும் குறையாது, கருத்து இல்லாவிட்டால்தான் குறை.

லைஃப் டிராயிங் வகுப்பில் மாடல் ஆடையில்லாமல் நிற்பார். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. முதல் பத்து நிமிடம் கூச்சமாக இருக்கும், அப்புறம் தோள் எலும்பும் எடை விழும் காலும்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கே போனைக் கையில் எடுக்கவே கூடாது. இரண்டு நிமிட வேக ஸ்கெட்சில் ஆரம்பிப்பார்கள், அதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் ஐந்து ரோடு பஸ் ஸ்டாப்பை விட நல்ல இடம் கிடையாது.

விசா. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகள், ஆஸ்திரியாவும் இதில் உண்டு) 90 நாளுக்குள் என்றால் குறுகிய கால விசா போதும், கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது, ஆனால் முடிவு சொல்ல 45 நாள்வரை இழுக்கலாம் என்பதால் ஜூலைக் கோர்ஸுக்கு ஏப்ரலிலேயே நேரம் எடுத்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டனுக்கு, அங்கீகாரம் பெற்ற நிறுவனமாக இருந்தால், சாதாரண விசிட்டர் விசாவிலேயே ஆறு மாதம்வரை படிக்கலாம். அமெரிக்கா மட்டும் வேறு கணக்கு: கிரெடிட் தரும் படிப்பைச் சுற்றுலா விசாவில் படிக்க முடியாது, எஃப்-1 என்ற மாணவர் விசா வேண்டும். பாஸ்போர்ட்டுக்குச் சேலத்திலேயே அஞ்சலக சேவை மையம் இருக்கிறது, விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னை போக வேண்டியிருக்கும். கோர்ஸ் நடக்கும் ஜூலை, ஆகஸ்டில் நம் கல்லூரிகள் திறந்திருக்கும், வருகைப்பதிவு விஷயத்தை முதல்வரிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரில் இருக்க மாட்டீர்கள், அதை வீட்டில் நீங்களே சொல்லுங்கள்.

பணத்தில் பெரும்பாலோர் கணக்குப் போடாமல் விடுவது பொருட்செலவும் வார இறுதிச் சாப்பாடும். கட்டணத்தில் காகிதம், வண்ணம் சேருமா என்று கேளுங்கள். சமையலறை உள்ள விடுதியாகப் பாருங்கள். பருப்புப் பொடி கொண்டுபோகலாம், நெய் கூடாது, பால் பொருட்களை ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விடமாட்டார்கள். பெரும்பாலான பழம், இலைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் ஆசிரியருக்கு மல்கோவா கொண்டுபோகும் ஆசையை விட்டுவிடுங்கள். கட்டணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் என்றால் படிப்புச் செலவுக்கு டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள்.

பெட்டியில் எண்ணெய் வண்ண டியூப்களை வைக்கலாம், கைப்பையில் வேண்டாம், செக்-இன்னில் போடுங்கள், கட்டர் கத்தியும் அப்படியே. டர்பன்டைன், தின்னர், கரிப்படம் கலையாமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரே எதிலுமே கூடாது, அங்கே போய் வாங்குங்கள். டியூப் மீது பெயிண்ட் என்று எழுதியிருந்தால் சோதனையில் சந்தேகப்படுவார்கள், தாவர எண்ணெயில் செய்த ஓவிய வண்ணம் என்பதற்குத் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தாளை அச்செடுத்து மேலாக வையுங்கள்.

லண்டனில் இருந்தால் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்கு நுழைவு இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள் இருக்கின்றன, அதை விட்டுவிடாதீர்கள். அங்கேயே அச்சோவியம், கோட்டோவியம் பார்க்கும் அறை ஒன்று உண்டு, முன்பதிவு செய்தால் மைக்கேலாஞ்சலோவின் கோட்டோவியத்தை மேசையில் வைத்துப் பார்க்கலாம், கூட்டமும் இருக்காது. ஜூலையில் ராத்திரி ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், வகுப்பு முடிந்தும் வெளியே வரையலாம்.

கடைசி வாரத்தில் எண்ணெய் வண்ணத்தைத் தொடாதீர்கள், காயாது. அக்ரிலிக்கோ கரியோ போதும். கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, தடிமனான அட்டைக் குழாயில் போடுங்கள். விமான நிலையத்தில் கேட்டால் காட்ட, நீங்களே வரைந்தது என்று கோர்ஸ் நடத்துபவரிடம் ஒரு கடிதம் வாங்கி, குழாயோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள்.