காய்ச்சல் விட்டது, பிரஷர் ஏறியது: முதலில் மாத்திரைக் கவரைக் கொட்டிப் பாருங்கள்

என் பெரியம்மாவுக்கு 64 வயது. 15 வருடமாக சுகர், 10 வருடமாக பிரஷர். போன ஐப்பசி மழையில் சிக்குன்குனியா வந்தது. ஐந்து நாளில் காய்ச்சல் விட்டது, மூட்டு வலி விடவில்லை. மூன்றாவது வாரம் பிரஷர் பார்த்தால் 170/100. "வைரஸ் வந்துட்டுப் போனதுல நரம்பெல்லாம் தளர்ந்துடுச்சுப்பா" என்றார். நான் மாத்திரைக் கவரைக் கட்டிலில் கொட்டினேன். பெயர் அச்சான பகுதி கத்தரியில் போய்விட்ட மூன்று அட்டைத் துண்டுகள். மெடிக்கலில் காட்டிக் கேட்டதும் தெரிந்தது: ஒன்று டைக்ளோஃபெனாக். சீட்டில்லாமல் வாங்கி, காலையும் இரவும் 18 நாளாக விழுங்கியிருக்கிறார்.

வைரஸ் மேல் பழி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி வைக்கும். டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் பிரஷரை இறக்கப் பார்க்க, இவை மறுபக்கம் ஏற்றும். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்தால், மூன்றுமாகச் சிறுநீரகத்தையே திடீரென்று பழுதாக்கலாம். சுகர் உள்ளவர்களின் சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. டெங்கு இல்லை என்று உறுதியாகாத காய்ச்சலில் ரத்தக்கசிவு ஆபத்து வேறு.

சரி, பாராசிட்டமால்? அதுதான் பாதுகாப்பு, ஆனால் அதற்கும் அளவு உண்டு. எடின்பரோவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், தினம் 4 கிராம் வீதம் இரண்டு வாரம் எடுத்த பிரஷர்காரர்களுக்கு மேல் எண் சுமார் 5 ஏறியது. காய்ச்சலுக்கு இரண்டு மூன்று நாள் போடுவது வேறு, மூட்டு வலிக்கு மாதக்கணக்கில் போடுவது வேறு. "வலிக்கு ஒரு ஊசி" என்று போட்டுக்கொள்வது சில நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். அது சுகரையும் பிரஷரையும் சேர்த்தே ஏற்றும். மூக்கடைப்புக்கு வாங்கும் சளி மாத்திரையில் ஃபினைல்எஃப்ரின் இருந்தால் அதுவும் ஆகாது.

அடுத்தது, நிறுத்திய மாத்திரையை நிறுத்தியபடியே விட்டுவிடுவது. வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது உடம்பில் நீர் வற்றிப் பிரஷர் இறங்கும். அப்போது டாக்டர் நீர் பிரியும் மாத்திரை, டெல்மிசார்டன், சில சுகர் மாத்திரைகளைக்கூட நாலு நாள் நிறுத்தச் சொல்லலாம். சரியான யோசனைதான். ஆனால் எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்காமலே எழுந்து வந்துவிடுகிறோம். ஐப்பசியில் நிறுத்தியது பொங்கல் வரைக்கும் கவரிலேயே கிடக்கும்.

இதற்கு நேரெதிர், யாரும் சொல்லாமலே நிறுத்துவது. 2020-ல் டெல்மிசார்டன் வகை பிரஷர் மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கும் என்றொரு பேச்சு கிளம்பியது. பிரேசிலில் 659 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 30 நாள் நிறுத்தியதால் ஒரு நன்மையும் தெரியவில்லை. எண்ணைப் பார்த்துப் பயந்து தானே இரட்டை மாத்திரை போடுவதும் இதே ரகம். ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போகும்.

அப்புறம் டம்ளரில் ஊற்றிக் குடிப்பவை. ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், போதாததற்கு சோடியம் சிட்ரேட். ஒரு நாளைக்கே மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுப்போக்கில் அது உயிர் காக்கும். நின்ற பிறகும் தெம்புக்கு என்று குடிப்பதுதான் தப்பு. கஞ்சிக்கு ஊறுகாயும் அப்பளமும் அதே கணக்குதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் என்பதால் அதை எடுப்பவர், அதிலும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியவர், டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். வறட்டு இருமலுக்கு அதிமதுரத்தைத் தினமும் மெல்வது இன்னும் மோசம், அது நேரடியாகவே பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நிலவேம்புக் குடிநீரில் அதிமதுரம் கிடையாது, ஆனால் சில வீட்டுக் கஷாயங்களில் இருக்கும்.

அளப்பதிலும் கோளாறு உண்டு. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு, பேசிக்கொண்டே, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் அந்த எண்ணை நம்ப முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வீட்டில் ஒரு வாரம் பார்த்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்தல் என்று எது இருந்தாலும் உடனே 108.

பெரியம்மாவுக்கு டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தி, கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். இரண்டு வாரத்தில் மேல் எண் 140 பக்கம் வந்தது. முட்டிக்கு இப்போது வெந்நீர் ஒத்தடம். மெடிக்கலில் மாத்திரை வாங்கினால், பெயர் இருக்கிற பக்கமாகக் கத்தரித்துத் தரச் சொல்லிச் சண்டை போடுகிறார்.