பி.ஏ. தத்துவம்: பரபக்கத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்த் தத்துவம் படித்தவன் நான். மூன்று ஆண்டுகளில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்திருக்கிறேன். பிறகு முதலாண்டு மாணவர்களுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, நான் விட்டுவைத்த மிச்சத்தை அவர்கள் செய்து காட்டினார்கள்.

சேரும்போதே ஒரு தவறு நடந்துவிடுகிறது. புதுச்சேரியில் தத்துவம் என்றதும் ஆசிரமமும் தியானமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மன அமைதி தேடி இந்தப் படிப்பில் சேர்கிறவர்கள் இரண்டாம் மாதமே முகம் சுளிக்கிறார்கள். இந்தப் பாடம் அமைதி தராது. இருக்கிற அமைதியையும் கொஞ்சம் கெடுக்கும். 1910இல் இந்த ஊருக்கு வந்த அரவிந்தரையே பாருங்கள். 1914இல் தொடங்கிய 'ஆர்யா' இதழில் அவர் எழுதி, பின்னால் 'தி லைஃப் டிவைன்' என்று நூலான தொடரின் தொடக்க அத்தியாயங்களில் பொருள்முதல்வாதியின் மறுப்புக்கும் துறவியின் மறுப்புக்கும் இடம் கொடுத்திருக்கிறார். எதிராளிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்த பிறகே தம் கட்சியைப் பேசுகிறார்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் என்று நான் நினைப்பது அந்த நாற்காலியைப் போடாமல் விடுவதுதான். ஒருமுறை ஒரு மாணவன் சார்வாகர் (நேரில் காண்பதை மட்டுமே நம்பிய பழைய இந்தியப் பொருள்முதல்வாதிகள்) பற்றிய கட்டுரையைக் கொண்டுவந்தான். சாரம் மூன்றே வரி: சார்வாகர்கள் உண்டு களித்திருக்கச் சொன்னார்கள், அது ஒழுக்கக்கேடு, ஆகவே அவர்கள் கொள்கை தவறு. மீதி ஒன்றரைப் பக்கம் அவர்களைத் திட்டியிருந்தான். "நீயே சார்வாகனாக இருந்தால் என்ன சொல்வாய்? ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினேன்.

மறுவாரம் வந்த பக்கத்தில் சரக்கு இருந்தது. புகையைக் கண்டால் நெருப்பு உண்டு என்று அனுமானிக்கிறோம். இதற்கு 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உள்ளது' என்ற வியாப்தி, அதாவது விலக்கில்லாத பொதுத் தொடர்பு, தெரிந்திருக்க வேண்டும். நாம் பார்த்தவை சில அடுப்புகள், சில சூளைகள். பார்க்காத இடங்களுக்கும், இனி வரப்போகும் காலத்துக்கும் அது பொருந்தும் என்பதை எப்படி அறிவது? காட்சி அவ்வளவு தூரம் எட்டாது. அனுமானத்தால் அறிகிறோம் என்றால், அனுமானத்தை நிறுவ அனுமானத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். 1748இல் ஸ்காட்லாந்துக்காரர் ஹியூம் ஏறக்குறைய இதே முடிச்சைப் போட்டார். பையன் எழுதி முடித்துவிட்டுக் கேட்டது வேறு: "சார், இப்படி எழுதினால் மார்க் போடுவார்களா?"

போடுவார்கள். போடாவிட்டாலும் இப்படித்தான் எழுத வேண்டும். அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூல் 'சிவஞான சித்தியார்' பரபக்கம் (பிறர் கட்சி), சுபக்கம் (தம் கட்சி) என்று இரண்டு பகுதிகளாக இருப்பது சும்மா இல்லை. உலகாயதனில், அதாவது நம் சார்வாகனில், தொடங்கி ஒவ்வொரு பிறர் மதத்தையும் முதலில் எடுத்துச் சொல்கிறார், பிறகுதான் மறுதலை. சுபக்கத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்த விடைத்தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னுடையதும் அதில் ஒன்று.

அடுத்தது கைடு. கைடு வாங்குவதைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். மூல நூலைத் தொடாமல் அதையே நம்புவதுதான் குற்றம். பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலில் 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று எழுதினார் என நான் தேர்வில் எழுதினேன். அந்த வாக்கியம் அந்த நூலில் இல்லை. 1637இல் பிரெஞ்சில் வந்த வேறொரு நூலில் இருக்கிறது. 'தியானங்க'ளில் அவர் சொல்வது, 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும்போதும் எண்ணும்போதும் அது உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்பது. அங்கே 'ஆகவே' இல்லை. அந்த ஒரு சொல் போனால், இது அனுமானமா, நேரடி அறிவா என்ற பெரிய கேள்வி வந்து நிற்கிறது. கைடில் அந்தக் கேள்வியே இல்லை. நூறு பக்கத்தை ஒருமுறை புரட்டுவதைவிட ஐந்து பக்கத்தை மூன்றுமுறை படித்தால் இதெல்லாம் கண்ணில் படும்.

தர்க்கத்தைக் கணக்குப் பாடத்தின் பங்காளி என்று பயந்து கடைசி வாரத்துக்குத் தள்ளி, அரியரோடு முடித்தவர்கள் பலர். கடலூர்க்காரருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டே போதும். புயல் நெருங்கினால் கூண்டு ஏற்றுவார்கள், கூண்டு ஏற்றவில்லை, ஆகவே புயல் நெருங்கவில்லை. இந்த வாதம் செல்லும். புயல் நெருங்கினால் கூண்டு ஏற்றுவார்கள், கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே புயல் நெருங்குகிறது. இது செல்லாது. எங்கோ தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு இருந்தாலும் ஒன்றாம் எண் கூண்டு ஏறும். முடிவு தற்செயலாக உண்மையாகிவிட்டாலும் வாதம் செல்லாததுதான். 'உண்மை' வேறு, 'செல்லுதல்' வேறு என்பது பிடிபட்டால் முதல் செமஸ்டர் தர்க்கத்தில் பாதி முடிந்தது.

தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள் ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்து, நம்மிடம் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று முடிவுகட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் தவறு. அறியும் வழிகளுக்கு 'அளவை' என்று பெயர். காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று சித்தியார் வகை சொல்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் தர்க்கமே இருக்கிறது: பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு). மலையில் நெருப்பு உண்டு என்பதற்கு அங்கே காட்டும் எடுத்துக்காட்டு நம் அடுக்களை. இலக்கியத் துறைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இதை நாம் விட்டுவிடுகிறோம். நான் தினமும் பஸ்சுக்கு நின்ற திருப்பாதிரிப்புலியூரில்தான் அப்பர் தருமசேனராகச் சமண மடத்தில் இருந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. இது எனக்குத் தெரியவந்தபோது படிப்பே முடிந்துவிட்டது.

வேலை பற்றிச் சுருக்கமாக. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வின் விருப்பப்பாடங்களில் தத்துவம் உண்டு, 250 மதிப்பெண் வீதம் இரண்டு தாள்கள். அதற்காக மட்டும் இந்தப் பட்டத்தில் சேராதீர்கள். பொறியியல் படித்தவரும் அதை எடுக்கலாம். பட்டம் முடித்து மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்குப் போகலாம். எந்தப் பட்டமும் போதும் என்கிற அரசுத் தேர்வுகளை எழுதலாம். இதை வீட்டில் முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆண்டுவரை மூடி மறைத்தால் சண்டைதான் வரும்.

வீடு என்றதும் இன்னொன்று. இரண்டாம் செமஸ்டரில் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வரும்: கிடைத்தவரிடமெல்லாம் பிரமாணம், அதாவது சொன்னதற்கு ஆதாரம், கேட்பது. எனக்கும் வந்தது. தைப்பூசத்தன்று ஆயாவோடு வடலூருக்குப் போயிருந்தேன். ஏழு திரைகளை விலக்கிச் சோதி காட்டும் வள்ளலாரின் சத்திய ஞான சபைக்கு முன்னால் நெரிசலில் நின்றுகொண்டு, ஏழு திரைகளும் ஏழு மறைப்புகளின் உருவகம், சோதி என்பது குறியீடு, குறியீட்டுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். ஆயா என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள்.

"எட்டாவது திரையாக நீ நிற்கிறாய். தள்ளி நில்."